வேட்பாளரின் கவலையும் வாக்காளரின் மௌனமும்

1978 ஆம் ஆண்டு மே மாதம் 4 ஆம் திகதி லண்டனில் உள்ளூராட்சித் தேர்தல் தினமாகும். அன்று மாலை கிழக்கு லண்டனின் வைட்சப்பல் பகுதியில், வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அல்தாப் அலி என்ற வங்காளதேச இளைஞர் வீதியில் வைத்துக் குத்திக் கொல்லப்பட்டார். தையல் தொழிலாளியான அவரைக் கொன்ற மூவரும் பதின்ம வயதினர். வந்தேறு குடிகளுக்கு எதிரான வெறுப்பையே கொள்கையாகக் கொண்ட தேசிய முன்னணி, அத்தேர்தலில் அப்பகுதியில் வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து நாட்களின் பின்னர் சுமார் 7 ஆயிரம் பேர் அவருடைய சவப்பெட்டியின் பின்னால் பிரித்தானியப் பிரதமரின் வாசஸ்தலம் நோக்கி அணிவகுத்துச் சென்றனர். அவர் கொல்லப்பட்ட இடத்துக்கு அருகிலுள்ள பூங்கா 1998 ஆம் ஆண்டு முதல் அவருடைய பெயரையே தாங்கி நிற்கின்றது.

தேர்தல் பிரசாரத்துக்கும் வீதியில் ஓங்கப்படும் கத்திக்கும் இடையிலான தூரம் எவ்வளவு குறுகியது என்பதற்கு அந்தப் பூங்கா சாட்சியமாக இருக்கின்றது. அதனை நாம் இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலத் தேர்தல்களின்போது பிரித்தானிய நகரங்களில் உள்ளூராட்சி வேட்பாளர்கள் வேறொரு சிறுபான்மையினரின் பாதுகாப்புப் பற்றிக் கவலை வெளியிட்டு வருகின்றனர். தன்பாலின ஈர்ப்பு உடையவர்கள் என்ற ஒரே காரணத்துக்காகத் தாக்கப்படுவோரைப் பற்றியே அவர்கள் பேசுகின்றனர். தமிழர்களும் முஸ்லிம்களும் செறிந்து வாழும் வட்டாரங்களில் இக்கவலை பெரும்பாலும் மௌனத்தையே எதிர்கொள்கின்றது. சங்கடமான விவகாரம், நமக்குச் சம்பந்தமில்லாதது என்று அதனைத் தட்டிக்கழிப்போரே அதிகம்.

அது உண்மையிலேயே நமக்குச் சம்பந்தமில்லாததா என்பதை ஆராய்வதற்கு முன்னர், வேட்பாளர்களின் கவலைக்கு ஆதாரம் உண்டா என்பதைப் பார்ப்பது அவசியமாகும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸார் பதிவு செய்யும் வெறுப்புக் குற்றங்களில், பாலின ஈர்ப்பைக் காரணமாகக் கொண்டவை 2011-12 ஆம் ஆண்டில் சுமார் 4 ஆயிரத்து 300 ஆக இருந்தன. 2018-19 இல் அவை 14 ஆயிரத்து 491 ஆகவும், 2021-22 இல் 26 ஆயிரத்து 152 ஆகவும் உயர்ந்தன. அதன் பின்னர் எண்ணிக்கை ஓரளவு குறைந்து 2023-24 இல் 22 ஆயிரத்து 839 ஆகப் பதிவானது. இந்த எண்ணிக்கைகளை அவசரப்பட்டு வாசிப்பது தவறாகிவிடும். 2014 ஆம் ஆண்டு பொலிஸ் பரிசோதகர்கள் மேற்கொண்ட ஆய்வில், முறையிடப்படும் குற்றங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பதிவேட்டுக்கே வருவதில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. அதன் பின்னர் பதிவு முறை திருத்தப்பட்டது. ஆகவே இந்த உயர்வின் ஒரு பகுதி, முன்பு எழுதப்படாதிருந்தவை எழுதப்பட்டமையால் ஏற்பட்டதாகும்.

எனினும், எழுதப்படாதவை இன்னமும் ஏராளமாக இருக்கின்றன என்பதற்கும் ஆதாரம் உண்டு. பிரித்தானிய அரசாங்கம் 2017 ஆம் ஆண்டு நடத்தி அடுத்த ஆண்டு வெளியிட்ட தேசிய ஆய்வில் ஒரு இலட்சத்து 8 ஆயிரத்துக்கும் அதிகமான தன்பாலின ஈர்ப்பினரும் திருநர்களும் பங்குபற்றினர். முந்தைய பன்னிரண்டு மாதங்களுள் தாம் வசைமொழிக்கோ தொந்தரவுக்கோ வன்முறைக்கோ உள்ளானதாகப் பத்துப் பேரில் நால்வர் கூறினர். அவர்கள் எதிர்கொண்ட மிகப் பாரதூரமான சம்பவங்களிலேயே பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை எவரிடமும் முறையிடப்படவில்லை. துணையின் கையைப் பிடித்தபடி வீதியில் நடப்பதற்குத் தாம் அஞ்சுவதாக மூன்றில் இரு பங்கினருக்கும் அதிகமானோர் தெரிவித்தனர். முறையிட்டால் மட்டும் என்ன நடந்துவிடப்போகிறது என்ற அவநம்பிக்கை எத்தகையது என்பதை இலங்கைச் சிறுபான்மையினருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

எண்களுக்குப் பின்னால் மனித உயிர்கள் இருக்கின்றன. 2005 ஆம் ஆண்டு ஒக்டோபரில் தென் லண்டனின் கிளப்பம் பொதுவெளியில் 24 வயது இளைஞர் ஒருவர் முகம் அடையாளம் காணமுடியாத அளவுக்கு அடித்துக் கொல்லப்பட்டார். தாக்கிய இருவருக்கும் ஆகக்குறைந்தது 28 ஆண்டுகள் சிறையிலிருக்க வேண்டுமென்ற நிபந்தனையுடன் ஆயுட் தண்டனை விதிக்கப்பட்டது. 2009 செப்டெம்பரில், லண்டனின் இதயம் எனக் கருதப்படும் ட்ரபல்கர் சதுக்கத்திலேயே 62 வயது முதியவர் ஒருவர் தாக்கப்பட்டுச் சில வாரங்களில் உயிரிழந்தார். தாக்கியவர்கள் பதின்ம வயதினர். அவர்களுள் யுவதிகளும் இருந்தனர். காட்டுப் பாதையில் அல்லாமல், உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் வந்து கூடும் சதுக்கத்தில் இது நடந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இனி, வடிகாலும் வீதி விளக்கும் பார்க்கவேண்டிய உள்ளூராட்சி உறுப்பினருக்கு இதில் என்ன வேலை என்ற கேள்விக்கு வருவோம். லண்டனின் பொலிஸ் சேவை நகரசபைகளின் கட்டுப்பாட்டில் இல்லை என்பது உண்மையே. ஆனால் 1998 ஆம் ஆண்டின் குற்றம் மற்றும் ஒழுங்கீனம் தொடர்பான சட்டம், தனது ஒவ்வொரு பணியிலும் குற்றத் தடுப்பைக் கருத்திற்கொள்ள வேண்டிய கடப்பாட்டை உள்ளூராட்சி மன்றங்களின் மீது சுமத்தியுள்ளது. பொலிஸாருடன் இணைந்து பாதுகாப்புத் திட்டங்களை வகுப்பதும் அவற்றின் பொறுப்பாகும். இருண்ட ஒழுங்கைக்கு விளக்குப் போடுவதும், அயலவரை அச்சுறுத்தும் குடியிருப்பாளருக்கு எதிராக நடவடிக்கை எடுப்பதும், இளைஞர் நிலையங்களை நடத்துவதும், முறையிட அஞ்சுவோர் பொலிஸ் நிலையத்துக்குப் போகாமலே முறையிடுவதற்கு ஏற்பாடு செய்வதும் அவை செய்யக்கூடிய காரியங்களே. ஒரு மனிதன் தன் வீட்டு வாசலிலிருந்து பஸ் தரிப்பிடம் வரை அச்சமின்றி நடப்பதைக் காட்டிலும் உள்ளூர்த் தன்மை வாய்ந்த பிரச்சினை வேறெதுவாக இருக்க முடியும்?

இந்த விவகாரத்தில் உள்ளூராட்சிக்குச் சம்பந்தமில்லை என்று பிரித்தானிய அரசே ஒருபோதும் கருதியதில்லை. 1988 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, தன்பாலின உறவை ஊக்குவிக்கலாகாது என நகரசபைகளுக்குத் தடை விதித்தது. பாடசாலையில் பழிக்கப்பட்ட பிள்ளைக்கு ஆறுதல் சொல்வதுகூட அச்சட்டத்தின் கீழ் குற்றமாகிவிடுமோ என ஆசிரியர்கள் அஞ்சினர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்பிரிவு 2003 ஆம் ஆண்டு நீக்கப்படும் வரை, பதினைந்து ஆண்டுகள் நகரசபைகள் வாய்மூடி இருக்கவேண்டியிருந்தது. மௌனத்தைச் சட்டமாக்கிய அதே மன்றங்களின் ஊடாகத்தான் அந்த மௌனத்தைக் கலைக்கவும் வேண்டியிருக்கின்றது.

தேர்தல் என்பது வெறுப்பைத் தணிக்கும் களமாகவும் இருக்கலாம். வளர்க்கும் களமாகவும் இருக்கலாம். 1983 பெப்ரவரியில் தென் லண்டனின் பேர்மொண்ட்சி தொகுதியில் நடைபெற்ற பாராளுமன்ற இடைத்தேர்தல் இரண்டாவது வகைக்குச் சரியான உதாரணமாகும். தொழிற்கட்சி வேட்பாளர் பீட்டர் டட்செல்லின் பாலின ஈர்ப்பைக் கேலிப் பொருளாக்கிய பிரசாரம் அங்கு கட்டவிழ்த்து விடப்பட்டது. அவருடைய வீட்டு முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் அச்சிட்ட அநாமதேயத் துண்டுப்பிரசுரம் தொகுதியெங்கும் விநியோகிக்கப்பட்டது. தொழிற்கட்சியின் கோட்டையாகக் கருதப்பட்ட அத்தொகுதியில் அவர் படுதோல்வியடைந்தார். வெற்றி பெற்ற லிபரல் கட்சியின் சைமன் ஹியூஸ், தமக்கும் ஆண்களுடன் உறவு இருந்ததாக 2006 ஆம் ஆண்டு ஒப்புக்கொண்டு, அன்றைய பிரசாரத்துக்காக வருத்தம் தெரிவித்தார். அந்த வருத்தத்துக்கு இருபத்து மூன்று ஆண்டுகள் எடுத்தன.

ஒருவரின் முகவரியை வெறுப்புக்கொண்டவர்களின் கையில் கொடுத்தால் என்ன நிகழும் என்பதை அதே 1983 ஆம் ஆண்டு ஜூலையில் கொழும்பில் நம்மவர்கள் கண்டனர். வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகத் தேடி வந்தார்கள் கும்பல்காரர்கள். ஜனநாயக உரிமையின் அடையாளமாக இருக்கவேண்டிய பட்டியல் கொலைப் பட்டியலாக மாறிய அனுபவம் நம்முடையது. 2014 இல் அளுத்கமையிலும் 2018 இல் திகனையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் அடையாளம் கண்டே எரிக்கப்பட்டன. அன்று எம்மைச் சுற்றியிருந்தவர்களுள் நல்லவர்கள் இல்லாமலில்லை. அவர்களுள் பலர் பேசாதிருந்தார்கள் என்பதே எமது தீராத வேதனையாக இருக்கின்றது.

இந்த நினைவு புலம்பெயர்ந்தோருடனேயே கடல் கடந்து சென்றது. 1992 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிழக்கு லண்டனின் நியூஹாம் பகுதியில் ஈழத்தமிழ் அகதி மாணவர் ஒருவர் இனவெறியரின் தாக்குதலில் உயிரிழந்தபோது, நீதி கேட்டு வீதியில் இறங்கியவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர். அன்று பாதிக்கப்பட்ட சமூகமாக இருந்தவர்கள் இன்று வாக்குப் பலம் கொண்ட சமூகமாகியுள்ளனர். லண்டனின் பல நகரசபைகளில் இலங்கைத் தமிழர்கள் உறுப்பினர்களாகத் தெரிவாகியுள்ளனர். 2024 ஜூலையில் உமா குமரன் கிழக்கு லண்டனிலிருந்து பாராளுமன்றம் சென்றார். வாக்குப் பலம் வந்த பின்னர் அதனை எதற்காகப் பயன்படுத்துகின்றோம் என்பதே ஒரு சமூகத்தின் முதிர்ச்சிக்கு அளவுகோலாகும்.

வெறுப்பு ஒரு சமூகத்தோடு நின்றுவிடும் என நம்புவோர் 1999 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தை நினைவிற்கொள்வது நல்லது. ஏப்ரல் 17 ஆம் திகதி கறுப்பின மக்கள் செறிந்து வாழும் பிரிக்ஸ்டனில் ஆணிகள் நிரப்பிய குண்டொன்று வெடித்தது. 24 ஆம் திகதி வங்காளதேச முஸ்லிம்களின் குடியிருப்பான பிரிக் லேனில் இரண்டாவது குண்டு வெடித்தது. 30 ஆம் திகதி தன்பாலின ஈர்ப்பினர் கூடும் சோஹோ மதுச்சாலையில் மூன்றாவது குண்டு வெடித்து மூவர் உயிரிழந்தனர். 80 பேர் வரை காயமடைந்தனர். கொல்லப்பட்டவர்களுள் ஒருவர், கணவருடனும் நண்பர்களுடனும் அங்கு வந்திருந்த கர்ப்பிணிப் பெண்ணாவார். மூன்று குண்டுகளையும் வைத்தவன் ஒருவனே. 22 வயதுடைய அந்த நவநாஜியின் மனதில் கறுப்பினத்தவர், முஸ்லிம், தன்பாலின ஈர்ப்பினர் ஆகிய மூவரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாகவே இருந்தனர். பதின்மூன்று நாட்களில் அவன் மூன்று வரிகளையும் கடந்தான்.

வெறுப்பாளர்கள் ஒரு சிறுபான்மையை இன்னொன்றின் மீது ஏவிவிடவும் தயங்குவதில்லை. 2011 பெப்ரவரியில் கிழக்கு லண்டனில், இப்பகுதி தன்பாலின ஈர்ப்பினருக்குத் தடைசெய்யப்பட்டது என்ற கருத்தில், அல்குர்ஆனின் பெயரைப் பயன்படுத்திய ஒட்டுவில்லைகள் ஒட்டப்பட்டன. கிழக்கு லண்டன் பள்ளிவாசல் அவற்றைக் கண்டித்தது. ஒட்டிய 18 வயது இளைஞர் பின்னர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் செலுத்தினார். இதற்குப் பதிலடியாக அப்பகுதியில் ஊர்வலமொன்றை நடத்த ஏற்பாடாகியது. ஆனால் அதன் ஏற்பாட்டாளர்களுள் ஒருவருக்கு முஸ்லிம் எதிர்ப்பு அமைப்பான ஆங்கிலேயப் பாதுகாப்பு லீக்குடன் தொடர்பு இருந்தமை அம்பலமானதும் ஊர்வலம் கைவிடப்பட்டது. தன்பாலின ஈர்ப்பினரின் அச்சத்தை முஸ்லிம்களுக்கு எதிரான ஆயுதமாக்கும் முயற்சியைத் தன்பாலின ஈர்ப்பினரே நிராகரித்தனர். பள்ளிவாசலும் தன் பெயரால் விதைக்கப்பட்ட வெறுப்பை நிராகரித்தது. இரு தரப்பும் தத்தம் பக்கத்துத் தவறை முதலில் கண்டித்தன என்பதிலேயே அச்சம்பவத்தின் படிப்பினை அடங்கியுள்ளது.

தன்பாலின உறவை மதம் ஏற்கவில்லையே, அவ்வாறிருக்க நாம் எவ்வாறு குரல் கொடுக்க முடியும் என்று வாசகர்கள் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை நாம் அலட்சியம் செய்யவில்லை. இஸ்லாமியர்களாயினும் இந்துக்களாயினும் கிறிஸ்தவர்களாயினும், தமது மார்க்கம் கூறுவதை நம்புவதற்கும் தமது பிள்ளைகளுக்குப் போதிப்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஏற்றுக்கொள்வது வேறு, பாதுகாப்பது வேறு. பிரித்தானியாவில் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் இஸ்லாத்தின் கோட்பாட்டை ஏற்றவர்கள் அல்லர். அதனால் பள்ளிவாசலின் மீது கல்லெறிபவனை அவர்கள் கண்டிக்கக்கூடாது என்று எந்த முஸ்லிமாவது கூறுவாரா? 2023-24 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதத்தைக் காரணமாகக் கொண்ட வெறுப்புக் குற்றங்கள் 10 ஆயிரத்து 484 ஆக, முந்தைய ஆண்டைவிட கால்பங்கு அதிகரித்துப் பதிவாகின. அவற்றில் மிகப் பெரிய தொகையினர் முஸ்லிம்களே. நமது நம்பிக்கையை ஏற்றுக்கொண்டவர்கள் மட்டுமே நம்மைப் பாதுகாக்க வேண்டுமென்றால், உலகில் எந்தச் சிறுபான்மையும் ஒரு நாளேனும் நிம்மதியாக உறங்க முடியாது.

2019 ஆம் ஆண்டு பேர்மிங்ஹாம் நகரில் இந்த எல்லைக்கோடு சோதனைக்குள்ளானது. பல்வேறு வகையான குடும்பங்கள் உண்டென்று சிறுவர்களுக்குக் கற்பிப்பதற்கு எதிராக, பெரும்பாலும் முஸ்லிம்களான பெற்றோரும் வேறு சிலரும் ஆரம்பப் பாடசாலைகளின் வாசலில் மாதக்கணக்கில் ஆர்ப்பாட்டம் செய்தனர். பாடத்திட்டம் பற்றிக் கேள்வி எழுப்புவது பெற்றோரின் உரிமையாகும்; அதற்கான வழிகளும் உண்டு. ஆயினும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் ஒலிபெருக்கிக் கூச்சலைக் கடந்தே வகுப்பறைக்குச் செல்லவேண்டிய நிலை தோன்றியபோது விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதே ஆண்டு நவம்பரில் ஒரு பாடசாலையைச் சுற்றிய ஆர்ப்பாட்டங்களை மேல் நீதிமன்றம் நிரந்தரமாகத் தடை செய்தது. கருத்து மாறுபாடு எங்கே முடிகின்றது, அச்சுறுத்தல் எங்கே தொடங்குகின்றது என்பதைச் சமூகத் தலைவர்களும் வேட்பாளர்களும் உரிய காலத்தில் எடுத்துரைத்திருந்தால் நீதிமன்றத்துக்கு அந்த வேலை ஏற்பட்டிருக்காது.

இங்கேதான் வேட்பாளர்களின் நேர்மை பரீட்சிக்கப்படுகின்றது. சோஹோவில் ஒரு பேச்சும் ஈஸ்ட்ஹாமில் இன்னொரு பேச்சும் பேசுவது அரசியல்வாதிகளுக்குக் கைவந்த கலை. ஆங்கிலத் துண்டுப்பிரசுரத்தில் இடம்பெறும் சமத்துவம், தமிழ்க் கோயில் வீதியிலும் பள்ளிவாசல் வாசலிலும் விநியோகிக்கப்படும் பிரசுரத்தில் காணாமல் போய்விடக்கூடாது. நமது மக்களுக்கு முன்னால் இதைப் பேசினால் வாக்கு போய்விடும் என்று ஒரு வேட்பாளர் எண்ணுவாராயின், அவர் நமது மக்களை மதிக்கவில்லை என்பதே அதன் அர்த்தமாகும்.

இவையெல்லாம் தூரதேசத்துக் கதைகள் என்று இலங்கையிலிருந்து வாசிப்போர் ஒதுக்கிவிட முடியாது. இந்நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883 ஆம் ஆண்டு பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்டது. அதன் 365 ஆம், 365அ பிரிவுகள் தன்பாலின உறவைக் குற்றமாக்கின. சட்டத்தைத் தந்த பிரித்தானியர், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1967 ஆம் ஆண்டே வயதுவந்த ஆண்களுக்கிடையிலான தனிப்பட்ட உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கத் தொடங்கிவிட்டனர். பெற்றுக்கொண்ட நாமோ 1995 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தோம். அப்பிரிவுகளைத் திருத்துவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆயினும் அது சட்டமாகாமலே, 2024 செப்டெம்பரில் அப்போதைய பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அடிபட்டவன் பொலிஸுக்குப் போனால் அவனே சந்தேகநபராகும் அபாயம் இருக்கும் நாட்டில் முறைப்பாடுகள் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. முறைப்பாடு இல்லாமையைக் குற்றம் இல்லாமையாகக் கணக்கிடும் தவறை நாம் செய்யலாகாது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ காத்தான்குடியிலோ தாக்கப்படும் ஓர் இளைஞன் எங்கே போய் முறையிடுவான் என்பதை நமது பிரதேசசபை, நகரசபை வேட்பாளர்களிடமும் கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே வேட்பாளர் ஒருவர் இக்கவலையை வெளியிடும்போது, அவருடைய கட்சி எதுவாயினும், வாக்காளர்கள் அவரிடம் மேலதிகமாகக் கேட்க வேண்டும். எந்த ஒழுங்கைக்கு விளக்குப் போடுவீர்கள்? முறையிட அஞ்சுவோர் எங்கே போகலாம்? பதின்ம வயதினர் கத்தியும் காலணியும் தூக்குவதற்கு முன்னர் அவர்களுடன் பேசப்போவது யார்? பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் நீங்கள் வழங்கும் பாதுகாப்பு உறுதிமொழியும் இதுவும் ஒன்றா, வேறுவேறா? இவற்றுக்கு விடை கூறாத கவலை தேர்தல் முடிந்த மறுநாளே கலைந்துவிடும்.

அல்தாப் அலியின் சவப்பெட்டியைப் பின்தொடர்ந்த ஏழாயிரம் பேரில் அவரை நேரில் அறிந்திருந்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பர். அவருடைய மொழி தெரியாதவர்களும் மதத்தை ஏற்காதவர்களும் அந்த ஊர்வலத்தில் இருந்தனர். அவர்களை நடக்க வைத்தது ஒன்றேதான்: வீதியில் செல்லும் மனிதன் வீடு போய்ச் சேரவேண்டும். அன்று நமக்காக நடந்தவர்கள் நமது நம்பிக்கைகளை விசாரித்துவிட்டு வரவில்லை. அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் முறை நமக்கு வந்திருக்கின்றது.